வெடக்கோழிக்குச் சீக்கு: கைவைத்தியமா, கடை மருந்தா, ஆஸ்பத்திரியா, கழித்துவிடுவதா?

கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவையெல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடுகின்றன; இரண்டு மூன்று மாத வெடக்கோழி ஒன்று மட்டும் ரெக்கையைத் தொங்கவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. தீனி போட்டால் வருகிறது, ஆனால் கொத்தவில்லை. வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாட்டி மஞ்சளும் மிளகும் அரைக்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் மீந்திருக்கும் மருந்துப் பொடியை எடுத்துவருவார். பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்பார்கள். ‘இன்னைக்கே அறுத்துக் குழம்பு வெச்சிடுங்க, நாளைக்குச் செத்தா யாருக்கும் ஆகாது’ என்றும் ஒரு குரல் கேட்கும்.

குழம்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாம் எல்லாக் கோழிக்கும் பொருந்தாது. நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பதற்கு முன்னால், இது ஒரு கோழியின் சங்கடமா, கூட்டத்தின் சங்கடமா என்று பார்ப்பது நல்லது. முடிவில் பாதி அதிலேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

## எந்த வழியானாலும் முதலில் பிரித்து வையுங்கள்

பிரித்து வைப்பதை நான்கு வழிகளில் ஒன்றாக நான் சேர்க்கவில்லை. நான்கிற்கும் அதுதான் வாசல். தனிப் பஞ்சாரம், இல்லாவிட்டால் காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். மற்ற கோழிகள் மேயும் இடத்திலிருந்து தள்ளி, சீக்குக் கோழியின் பக்கமிருந்து மற்றவற்றின் மேல் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துவிட்டால் எச்சத்தைப் பார்க்க வசதி. செய்தித்தாள் என்றால் அச்சின் கருப்பில் ரத்தம் தெரியாமல் போகும்.

உடம்பைப் பந்தாக உப்பிக்கொண்டு நிற்கிற கோழிக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். கோழியின் இயல்பான உடம்புச் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ். அதனால் தொட்டுப்பார்த்து ‘காய்ச்சல் அடிக்குது’ என்று சொல்வதற்குப் பொருளில்லை. நல்ல கோழியும் நம் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். சூடு வேண்டுமானால் பக்கத்தில் வரும், போதுமென்றால் தள்ளிப் போகும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. இது தெரியாமல் ராத்திரி முழுக்க எரியவிடுகிறவர்கள் நிறைய. சித்திரை, வைகாசி வெயிலில் பல்பே வேண்டாம்.

தண்ணீர் கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. வாயைப் பிளந்து சங்கால் ஊற்றாதீர்கள். கோழியின் நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய், நோயால் சாக வேண்டிய கோழி நம் கையால் செத்துவிடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது அலகைத் தட்டி விழுங்கியதும் அடுத்த சொட்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வீட்டு உப்புச் சர்க்கரைக் கரைசலே கழிச்சல் கண்ட கோழிக்கும் முதல் நாள் உதவும்.

பிரித்து வைத்த கையோடு கோழியைத் தூக்கி ஒரு சோதனை செய்துவிடுங்கள். நெஞ்செலும்பைத் தடவும்போது கத்தி போலக் கூராகத் தட்டுப்பட்டால், நோய் இன்று வந்தது இல்லை; இரண்டு மூன்று வாரமாக உள்ளே இருந்திருக்கிறது. கழுத்தடி இரைப்பை விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். நேற்றுத் தின்றது அப்படியே கல்லாக இருந்தால் அடைப்பு. கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி படிந்திருந்தால் அம்மை உள்ளே இறங்கியிருக்கலாம். நொண்டுகிற கோழி என்றால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். தலைமுடியோ தையல் நூலோ சுற்றி இறுகி, கால் வீங்கியிருக்கும். அதற்குக் கத்தரிக்கோல்தான் மருந்து.

## எதை வைத்து முடிவெடுப்பது

எத்தனை கோழி? ஒன்று மட்டும் சோர்ந்து மற்றவை துள்ளிக்கொண்டிருந்தால் நிதானிக்க நேரம் இருக்கிறது. இரண்டு நாளில் இரண்டு மூன்று விழுந்தால் நேரம் இல்லை. பங்குனி வெயிலில் எல்லாக் கோழியும் வாயைத் திறந்து, ரெக்கையை உடம்பிலிருந்து விலக்கி மூச்சு வாங்கினால் அது வெக்கை. நிழலும் தண்ணீரும் கொடுத்தால் சரியாகும்.

எச்சம் என்ன சொல்கிறது? பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனால் வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல், ராணிக்கெட் என்பதும் இதுதான்) சந்தேகம். சிவப்போ காப்பி நிறமோ கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல். இங்கே பலர் வீணாகப் பயப்படுவதும் உண்டு. நல்ல கோழியே பல தடவைக்கு ஒரு தடவை பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு எச்சமிடும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. குடலின் உள்தோல் உதிர்ந்து இளஞ்சிவப்பாக ஒரு துணுக்கு வருவதும் நடப்பதுதான். ஒரு எச்சத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், காகிதத்தில் அரை நாள் எச்சத்தையும் பாருங்கள்.

வயதும் தடுப்பூசியும். ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகளைத்தான் பிடிக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு வயது கிடையாது. ஆனால் 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்துக்கு மேல் ரெக்கைத் தோலடியில் ஆர்2பி ஊசி என்று ஒழுங்காகப் போட்ட கோழிக்கு அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிட்ட மூன்று நான்கு மாத விடலை என்றால் மாரெக்ஸ் நோயை நினைக்க வேண்டும். அதற்கான தடுப்பூசி குஞ்சு பொரித்த அன்றே போடுவது. வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

எதற்காக வளர்க்கிறீர்கள்? முட்டைக்கா, கறிக்கா, விற்பனைக்கா, ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சேவலா, பேத்தி பெயர் வைத்துக் கூப்பிடுகிற கோழியா? இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் கோழி வளர்த்ததில்லை. நேர்ந்துவிட்ட சேவலுக்கு யாரும் விலை பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் மற்ற கோழிகளின் உயிரையும் அதே தட்டில் வைக்க வேண்டும்.

## வழி 1: கைவைத்தியம்

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து, தவிட்டிலோ குருணையிலோ பிசைந்து கொடுப்பது தமிழ்நாட்டில் பழகிய முறை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ந. புண்ணியமூர்த்தி இப்படிப்பட்ட மரபு மருந்துகளைத் தொகுத்து, பயிற்சிகள் நடத்தி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அதனால் இதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. வெங்காயத்தை மட்டும் கை நிறைய அள்ளிப் போடாதீர்கள். அதிகமானால் பறவைகளுக்கு ரத்தம் கெடும்.

இது கை கொடுக்கும் இடங்கள் தெளிவானவை. லேசான அஜீரணம், மழையில் நனைந்த சோர்வு, இடம் மாறிய அதிர்ச்சி, தோலோடு நிற்கும் அம்மை. அம்மைக்கு எந்த மருந்தும் நேரடியாக வேலை செய்யாது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் வந்த கொப்புளங்கள் மூன்று நான்கு வாரத்தில் தானே காய்ந்து உதிரும். அதுவரை வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவதும், கண் மூடிக்கொண்ட கோழிக்குக் கையால் தீனி ஊட்டுவதும்தான் வைத்தியம். அந்தக் கையூட்டலை விட்டால் கோழி அம்மையால் சாகாது, பசியால் சாகும். கொசு இதைப் பரப்புவதால் சாயங்காலம் கூண்டுக்கு வலை போடுவது மற்ற கோழிகளுக்கு நல்லது.

காசு செலவில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. நாள்தான் செலவு. ரத்தக்கழிச்சல் கண்ட ஆறு வாரக் குஞ்சுக்கு மூன்று நாள் மஞ்சள் உருண்டை கொடுத்துப் பார்ப்பது, அதன் மூன்று நாளையும் தின்றுவிடுவது. அந்த நோய் அத்தனை நாள் பொறுக்காது. அதனால் கைவைத்தியத்துக்கு ஒரு தவணை வையுங்கள்: 24 மணி நேரத்தில் தீனி கொத்தத் தொடங்கவில்லையென்றால், அல்லது இரண்டாவது கோழியும் சோர்ந்து தூங்கி வழியத் தொடங்கினால், அடுத்த வழிக்குப் போய்விட வேண்டும். மூலிகை உருண்டையை நிறுத்த வேண்டும் என்றுகூட இல்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

## வழி 2: கடை மருந்து

நான்கில் அதிகம் பேர் போவது இந்த வழிக்குத்தான். அதிகம் கெடுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவன மருந்துக் கடையில் ‘கோழி தூங்குது’ என்று சொன்னால் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று ரத்தக்கழிச்சலுக்கான அம்ப்ரோலியம். இன்னொன்று டெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஒரு ஆன்டிபயாட்டிக். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

அம்ப்ரோலியம் ஆன்டிபயாட்டிக் இல்லை. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா கிருமிக்கு தயமின் என்னும் பி1 வைட்டமின் வேண்டும். அம்ப்ரோலியத்தின் அமைப்பு அதைப் போலவே இருப்பதால் கிருமி ஏமாந்து இதை எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். அதனால்தான் இந்த மருந்தோடு சேர்த்து பி காம்ப்ளக்ஸ் டானிக் கொடுக்கக் கூடாது என்பது. கொடுத்தால் கிருமிக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுக்கலாம். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.6 முதல் 1.2 கிராம் வரை, ஐந்து முதல் ஏழு நாள் என்பது வழக்கமான அளவு. அதாவது கால் தேக்கரண்டி, சிலவேளை அதுகூட இல்லை. பாக்கெட்டில் வேறு சதவீதம் போட்டிருந்தால் அதன் அளவைப் பாருங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

கொல்லைக் கோழிக்கு இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பண்ணையில் கோழி குடிக்கிற தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் வரும். நம் கோழி மருந்துத் தண்ணீரில் ஒரு வாய் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் மூன்று வாய் குடிக்கும். ஐந்து நாளும் அடைத்து வைத்து, வேறு தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால்தான் மருந்து மருந்தாக வேலை செய்யும். தண்ணீரே குடிக்காமல் படுத்துவிட்ட கோழிக்கு அலகோரத்தில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். பாதிக் கூட்டம் அடைபட்டுக் கிடக்க மீதி மேய்ந்தால், கிருமி மேய்ச்சல் நிலத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த கோழியைத் தாக்கத் தயாராகிவிடும். பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அவை அசையாது. எச்சத்தைத் தினமும் வாரி, தரையைக் காயவிட்டு, நல்ல வெயில் படவைப்பதுதான் வழி. மருந்து பாதி, உலர்ந்த தரை பாதி.

ஆன்டிபயாட்டிக்கில் என் கட்சி கடுமையானது: மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். மூக்கில் நாற்றத்தோடு சளி, முகம் வீங்கியது, ராத்திரி ஊர் அடங்கிய பிறகு கூண்டுக்குள் கேட்கும் கர்கர் சத்தம் போன்றவற்றுக்கு அது பலன் தரலாம். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அம்மையும் மாரெக்ஸும் அப்படியே. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, கொடுத்தோம் என்ற மனத்திருப்தி மட்டும்தான்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவும் இருக்கிறது. பொது வட்டிலில் மருந்தைக் கலக்கிவிட்டால் முட்டையிடும் பெட்டைகளும் குடிக்கும். அந்த முட்டை அடுத்த சில நாளுக்குப் பிள்ளைகளுக்கு ஆகாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். என்ரோஃப்ளாக்சசினை அமெரிக்காவில் 2005லேயே கோழிகளுக்குத் தடை செய்தார்கள், மனிதர்களைத் தாக்கும் கிருமிகள் அந்த வகை மருந்துக்கு மசியாமல் போகின்றன என்பதற்காக. இந்தியாவில் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019இல் தடை செய்யப்பட்டது, அதே காரணத்துக்காகத்தான். பழைய டப்பா ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் முதலில் லேபிளைப் படியுங்கள். தேதி முடிந்திருக்கும், பெயர் தேய்ந்திருக்கும், ‘போன வருசம் நல்லா கேட்டுச்சு’ என்ற சான்றிதழ் மட்டும் புதிதாக இருக்கும்.

ரத்தம் கலந்த எச்சம், மூன்று வாரம் முதல் இரண்டு மாத வயது, ஈரமான தரை ஆகிய மூன்றும் பொருந்தி, ஆஸ்பத்திரி தூரமாகவும் இருந்தால், அம்ப்ரோலியத்தோடு இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். மற்ற நேரத்தில் இது குருட்டு அடி.

## வழி 3: கால்நடை மருத்துவமனை

‘ஒரு கோழிக்காக டாக்டர்கிட்ட போறதா?’ என்ற கூச்சம்தான் இங்கே முதல் தடை. அரசு கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் வரிசையில் நிற்க, பையில் கோழியோடு நிற்பது ஒரு மாதிரிதான் இருக்கும். போய்விட்டு வந்தவர்கள் அடுத்த தடவை தயங்குவதில்லை.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து மருந்தகத்தில் கோழியை மட்டும் பார்த்துப் பார்த்துக் கை தேர்ந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், ஆனால் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவை விட்டுவிட்டு நம் வெடக்கோழிக்கு வராது, வரவும் கூடாது. நாம்தான் தூக்கிப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், காற்றோட்டமான பெட்டியில், கூடவே காலையில் போட்ட எச்சத்தை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில். கழுத்தைத் திருகுவது, தள்ளாடுவது மாதிரி வந்து வந்து போகும் அறிகுறியைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் முன்னால் கோழி ஒழுங்காக நின்றுவிடும். என்ன தீனி, எப்போது தடுப்பூசி, சந்தையிலிருந்து புதுக்கோழி எப்போது வந்தது, ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கைவைத்தியம் செய்ததை மறைப்பவர்கள் அதிகம்.

இந்த வழியின் உண்மையான பலம் உயிரோடு இருக்கும் கோழியைவிடச் செத்த கோழியில் இருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் நிஜம். செத்துச் சில மணி நேரத்துக்குள், உறையவிடாமல், ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோனால் பிரேதப் பரிசோதனையில் அன்றே பாதி விடை தெரிந்துவிடும். குருட்டுக்குடல் ரத்தம் கட்டி வீங்கியிருந்தால் ரத்தக்கழிச்சல். வயிற்றுக்குள் இருக்கும் இரைப்பையின் (கழுத்தடிப் பை அல்ல) உட்சுவரில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் சந்தேகம் வலுக்கும். தொடை நரம்பு ஒரு பக்கம் தடித்திருந்தால் மாரெக்ஸ். மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. கோழிக்குப் பேர்போன நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், சென்னை மாதவரத்தில் பல்கலைக்கழக ஆய்வகமும் உண்டு. ஒன்றைப் பறிகொடுத்து மீதிப் பதினாலைக் காப்பாற்றுவது இந்த வழியில்தான் நடக்கும்.

அரசு மருந்தகத்தில் பார்ப்பதற்குப் பணம் பெரிதாக ஆகாது. போக வர ஆட்டோ, ஒரு நாள் கூலி, வெளியில் எழுதித் தரும் மருந்து எல்லாம் சேர்த்தால் கோழி விலையைத் தாண்டலாம். ஒரு கோழிக்குக் கணக்குப் போட்டால் நஷ்டம், கூட்டத்துக்குப் போட்டால் மலிவு. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெட்டியும் செருப்பும் கூண்டுப் பக்கம் நேராகப் போகக் கூடாது.

ஒரே ராத்திரியில் பல கோழிகள் செத்துக் கிடக்கின்றன, கொண்டை ஊதா நிறமாகி, தலையும் தாடியும் வீங்கியிருக்கின்றன என்றால் நிலைமை வேறு. பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். இந்தியாவில் அது 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பிறகு பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது. அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லி அவர்களை வரச்சொல்ல வேண்டும்.

## வழி 4: கழித்துவிடுவது

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் தயக்கம் மட்டும்தான். சில நேரங்களில் இது முதல் வழியாகவே இருக்க வேண்டும். கழுத்து முறுக்கி, கால் இழுத்து, பச்சைக் கழிச்சலோடு கிடக்கிற கோழி பிழைப்பது அபூர்வம். பிழைத்தாலும் கழுத்துத் திருகலோடு வாழும். மாரெக்ஸில் கால் விழுந்தது எழுந்திருக்காது. அது மூச்சு விடும் ஒவ்வொரு நாளும் மற்றவற்றுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சட்டென்று, கை பழகியவர் ஒருவரைக் கொண்டு முடித்துவிடுவது அந்தக் கோழிக்கும் நல்லது. பிறகு குழம்பு வேண்டாம். சூட்டில் கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் அறுக்கும்போது, சுத்தம் செய்யும்போது ரத்தமும் குடலும் நம் கையிலும் அடுப்படியிலும் படுகின்றன. மருந்து கொடுத்த கோழியாக இருந்தால் மருந்தும் கறியில் இருக்கும். நாய்க்கும் போடாதீர்கள். இரண்டு மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண். ஆற்றில் வீசுவதும் குப்பைத் தொட்டியில் போடுவதும் ஊருக்கே நோயைப் பங்கு வைப்பது.

சந்தைக்கு ஓட்டிவிடுவது என்ற ஐந்தாவது வழியும் புழக்கத்தில் இருக்கிறது. மாசி, பங்குனியில் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வெடக்கோழிகளில் சில, அப்படி ஓட்டிவிடப்பட்டவைதான். வாங்குகிறவர் அதைத் தன் கூட்டத்தில் விட்ட ஒரு வாரத்தில் கூண்டே காலி. வெள்ளைக்கழிச்சலின் கிருமி உடம்பில் புகுந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சிலவேளை இரண்டு வாரம்கூட. சந்தையில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | காசு | உழைப்பு | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் நிலை |
|---|---|---|---|---|
| கைவைத்தியம் | அநேகமாக இல்லை | அதிகம், கையூட்டல் உண்டு | போகும் நாள் | ஒரே கோழி, லேசான சோர்வு, தோல் அம்மை |
| கடை மருந்து | கொஞ்சம் | ஐந்து நாள் அடைத்து வைக்க வேண்டும் | முட்டை வீண், தவறான மருந்து | ரத்தக்கழிச்சல் உறுதியாகத் தெரிந்தால் |
| ஆஸ்பத்திரி | போக்குவரத்து, மருந்து | ஒரு நாள் | கூலி இழப்பு | இரண்டாவது கோழியும் விழுந்தால், ஒன்று செத்திருந்தால் |
| கழிப்பது | கோழியின் விலை | சில நிமிடம், பிறகு கூண்டு சுத்தம் | வீட்டில் மன வருத்தம் | கழுத்துத் திருகல், கால் விழுந்தது, எலும்பும் தோலுமானது |

## இழுபறியான சில நிலைமைகள்

தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒரு கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று தெரிந்துவிட்டது. உடனே மற்றவற்றுக்கு ஊசி போடலாமா என்று கேட்பார்கள். இதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தடுப்பூசி பலன் காட்ட ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் ஏற்கெனவே கிருமி புகுந்த கோழிகள் விழத்தான் செய்யும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு ஆர்2பி போடவே கூடாது. ஊசியே அதைச் சாய்த்துவிடும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரியில் இரு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. கோடை தொடங்கும் முன் போட்டுக்கொள்வதற்காகத்தான் அந்த மாதம். குஞ்சுகளுக்கான சொட்டு மருந்தைக் கடையில் வாங்கினால் ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் ஒருவருக்கு வருவது சில்லறைக் காசு.

நோய் எதுவென்றே தெரியவில்லை, ஒரே ஒரு கோழி, தண்ணீர் குடிக்கிறது, எச்சம் சாதாரணம் என்றால் 24 மணி நேரம் கைவைத்தியத்தோடு காத்திருங்கள். அதே கோழி தண்ணீரும் குடிக்கவில்லை, நெஞ்செலும்பும் கூராக இருக்கிறது என்றால், ஆஸ்பத்திரி அல்லது கழிப்பது, இரண்டில் ஒன்று. இடையில் கடை மருந்துக்குப் போக வேண்டாம்.

நேர்ந்துவிட்ட சேவலும் செல்லக் கோழியும் கழிக்க மனம் வராத கோழிகள். அவற்றை வைத்துக்கொள்வதென்றால் முழுதாகத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: தனி வட்டில், தனி செருப்பு, நல்ல கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே இதற்கு. முகத்தில் சளி கட்டி மீண்ட கோழி நன்றாக ஆன பிறகும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

## தேறிய கோழியைத் திரும்பச் சேர்ப்பது

எச்சம் கட்டியாகி, தீனி பிடித்து, ரெக்கை ஒட்டி நின்ற பிறகும் ஒன்றிரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும். சந்தையிலிருந்து வாங்கும் புதுக்கோழிக்கும் அவ்வளவு நாளாவது தள்ளிவைப்பு வேண்டும். அப்புறம் பட்டப்பகலில் கூட்டத்துக்கு நடுவே இறக்கிவிடாதீர்கள். பழைய இடம் பறிபோயிருக்கும், கொத்துப்பட்டே திரும்பவும் சோர்ந்துவிடும். இரண்டு நாள் பஞ்சாரத்துக்குள் வைத்து மற்றவை பார்க்கும்படி நடுவில் கவிழ்த்து வையுங்கள். மூன்றாம் நாள் இருட்டிய பிறகு, எல்லாம் அடைந்தவுடன், சாதுவான பெட்டை ஒன்றின் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் இரண்டு இடத்தில் தீனி போட்டால், ஒரு வட்டிலில் விரட்டப்பட்டாலும் இன்னொன்றில் தின்றுகொள்ளும்.